கண்ணு என்றால் துப்பாக்கி அல்ல

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ர வர வேண்டிய இடத்தில் ற வரும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊசி நோட்டில்தான். தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர், கடைசியில் ‘முழுசாகக் கிடைத்தது’ என்று ஒரு வரி. அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லி எழுதக் கேட்டது ஆபீசில் இருக்கிற திவ்யா. பிழையைத் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

நான் வேலையிலிருந்து நின்ற அன்று லைனில் சின்னக் கூட்டம் போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து, “அண்ணா, அந்தத் துப்பாக்கிக் கதையச் சொல்லுங்க. சரசக்கா நெத்தியில துப்பாக்கிய வெச்சாங்களாமே?” என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங் மேசையில் இருந்த சரசக்காவும் சிரித்தார். நான் “வணக்கம்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கேன்டீனில் எட்டு வருடமாக ஓடுகிற கதை இது. வெளிநாட்டு அதிபர் நம் கம்பெனிக்கு வந்தபோது சரசக்கா பைத்தியம் பிடித்த மாதிரி கத்திக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார் என்றும், காவலாட்கள் துப்பாக்கியை உருவிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். சரசக்கா நடந்து போனால் வேலைக்கு வருகிற பிள்ளைகள் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி “கண்ணு!” என்பார்கள். அவரும் சுட்டதுபோல நெஞ்சைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போவார். கூட்டம் கலைந்ததும் திவ்யா என்னிடம் வந்து, “பேச வராட்டி எழுதுங்கண்ணா. எனக்கும் மனசு கேக்கல” என்றது. அன்றைக்கு நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் அக்காவைத் தவிர நாங்கள் மூன்று பேர். நான், திவ்யா, அப்போதைய மேனேஜர். மேனேஜர் இப்போது கொமரலிங்கத்துப் பக்கம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன். “எழுதுங்கண்ணா. என்ற பேர மட்டும் போட்றாதீங்க” என்றார். போடவில்லை.

பதினாறு வயதில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் வெட்டப் போனேன். பிறகு டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி, பிறகு ஓவர்லாக் டெய்லர். அந்தக் காலத்தில் ஊசி உடைந்தால் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வேறு ஊசி மாட்டுவோம். குழந்தைத் துணி ஏற்றுமதி வந்ததும் அந்தப் பழக்கம் போயிற்று. ஊசிக்கென்று ஒரு கம்பிவலைக் கூண்டு கட்டினார்கள். அதிகம் பேசாத ஆள் வேண்டும் என்று தேடி என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தேன்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது விளங்காது. ஊசி உடைந்ததும் டெய்லர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். இடத்தை விட்டு எழக் கூடாது. நான் ஒரு காந்தமும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு போவேன். கிடைத்த துண்டுகளைத் தாளில் சேர்த்து, பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்து நீளம் பார்ப்பேன். சரியாக இருந்தால் துண்டுகளை நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டிவிட்டுப் புது ஊசி கொடுப்பேன். நுனி காணவில்லை என்றால் லைன் நிற்கும். தரை, மெஷின் அடி, டெய்லரின் சேலை மடிப்பு, தலைமுடி எல்லா இடத்திலும் காந்தம் போகும். அந்த டெய்லர் தைத்துக்கொண்டிருந்த பண்டலில் உள்ள அத்தனை பீஸும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போகும். அதிலும் அகப்படாவிட்டால் பண்டல் முழுவதையும் வெட்டிப் போட்டுவிடுவோம். எங்கோ ஒரு ஊரில் ஆறு மாதக் குழந்தை போடப்போகிற சட்டை அது. அந்தக் குழந்தைக்கு எங்கே குத்துகிறது என்று சொல்லத் தெரியாது.

எங்கள் மேனேஜர் ஒரு நாளும் யாரையும் சத்தம் போட்டதில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது சங்கடமான காரியம் ஆக வேண்டுமென்றால் என் கூண்டுக்கு வந்து தண்ணீர் கேட்பார். டம்ளரை முழுக்கக் குடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொல்வார்.

அதிபர் எந்த நாட்டுக்காரர் என்று வெளியே சொல்லக் கூடாதென்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். இப்போதும் சொல்லப்போவதில்லை. எங்கள் குழந்தைத் துணி நிறைய அந்த நாட்டுக்குத்தான் போகிறது. அவர் வருவதற்கு நான்கு நாள் முன்னால் அவருடைய காவலாட்கள் ஐந்து பேர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். நம் போலீஸ் அதிகாரிகள் கூடவே நின்றார்கள். அந்த ஐந்து பேருக்கு மட்டும் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி என்றும், ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரும் பட்டியலில் ஏறியிருக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

நான்கு பேர் நாங்கள் நினைத்த மாதிரியே கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். ஐந்தாமவர்தான் அவர்களுக்குத் தலைவர். குள்ளமாக, நரைத்த தலையோடு, சத்தம் வராத செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்ன நோட்டு. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நோட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் திவ்யாதான் இங்கிலீஷும் தமிழும் பேசியது.

தையல் ஹாலுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இங்கே கூர்மையான பொருள் எத்தனை இருக்கிறது என்பதுதான். மேனேஜர், “ஒரு இருநூறு இருக்கும்” என்றார். நோட்டுக்காரர் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். திவ்யா என்னைப் பார்த்தது. கத்தரிக்கோல் இவ்வளவு, நூல் வெட்டுகிற டிரிம்மர் இவ்வளவு, மெஷினில் இருக்கிற ஊசி இவ்வளவு, கூண்டில் இருக்கிற ஊசி இவ்வளவு என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பிறகுதான் அவர் எழுதினார். எழுதிவிட்டு, எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு ஆளை அனுப்பி எண்ணினார்கள். சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என் கூண்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஊசி நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக உடைந்த ஊசிகள். நகை பார்ப்பதுபோலப் பார்த்தார். நுனி கிடைக்காமல் பண்டலை வெட்டிப்போட்ட ஒரு பக்கம் வந்ததும், “வெட்டச் சொல்லி முடிவு செய்வது யார்?” என்று கேட்டார். “நானுங்க” என்றேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நோட்டுக்காரர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் வேலையைப் பார்த்துத் தலையாட்டியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பேக்கிங் ரூம் வாசலில் ‘உலோகம் உள்ளே கொண்டுபோகக் கூடாது’ என்று போர்டு இருக்கும். மோதிரம், வளையல்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். அவர் போர்டைக் காட்டி விசாரித்தார். திவ்யா சொன்னதும் கோட்டின் இடுப்புப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்படியானால் நாங்கள் இதற்குள் வர முடியாது. அதிபர் கண்ணாடி வழியாகப் பார்க்கட்டும்” என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில் செக்கிங் மேசையிலிருந்து சரசக்கா ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். “கண்ணு! ஏங்கண்ணு! அந்தப் பண்டல இக்கட்ட தள்ளு கண்ணு!” சரசக்காவின் குரல் இரண்டு லைன் மெஷின் ஓடும்போதும் கேட்கும். நெட்டை ஆட்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நான்கு கைகளும் கோட்டுக்குள் போயின. ஹால் அப்படியே நின்றுவிட்டது.

திவ்யா நோட்டுக்காரரிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பியது. “அண்ணா, நாம சொல்ற ‘க’ அவங்க காதுல அழுத்தமா விழுகுதாம். துப்பாக்கிக்கு இங்கிலீஷ்ல ‘கன்’ன்னு இருக்கிற வார்த்தை மாதிரியே கேக்குதாம்” என்றது. அது என்ன வார்த்தை என்று நோட்டுக்காரர் என்னிடம் கேட்கச் சொன்னார். நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். பிறகு குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினேன். இரண்டும் எப்படி ஒரே வார்த்தையாகும் என்று அவர் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. “சின்னவிங்களப் பிரியமாக் கூப்படறதுங்க” என்றேன். ‘கண்ணு’ என்று என்னை மூன்று முறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டார்.

அவர்கள் போனதும் மேனேஜர் என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார். அதிபர் வருகிற அன்று யாரும் கண்ணு என்று சொல்லக் கூடாது என்றார். சரசக்காவைக் கீழே துணி குடோனில் வைத்துவிடலாம் என்றும் சொன்னார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர் சரசக்கா. அதிபர் கையில் குழந்தைச் சட்டையைக் கொடுப்பதற்கு அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். மகளிடம் சொல்லிப் புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தார். நான் விளக்கம் சொன்னதால் வந்த வினை என்று எனக்குக் குறுகுறுத்தது.

சரசக்காவிடம் சொன்னபோது அவர், “கண்ணுங்காம நான் எப்படிங்க பேசறது? வாயில டேப்ப ஒட்டி உடுங்க. உங்ககிட்டத்தான் நெறைய இருக்குதே” என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் நோட்டுக்காரர் வந்தார். பெயர்ப் பட்டியலில் மாற்றம் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். மேனேஜர் சொன்னார். நோட்டுக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். “ஒரு வார்த்தையைச் சொல்லாதே என்றால் பயத்தில் அதுதான் முதலில் வாயில் வரும். அவர்கள் வாயை மாற்ற மூன்று நாள் போதாது. என் ஆட்களின் காதை மாற்ற ஒரு நாள் போதும்” என்றார். திவ்யா இதைத் தமிழில் சொன்னதும் மேனேஜர் சரசக்காவின் பெயரைப் பட்டியலில் திரும்ப எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட்டு அந்தப் பயிற்சி நடந்தது. நான்கு நெட்டை ஆட்களும் ஹாலின் நடுவில் சுவரைப் பார்த்து நின்றார்கள். சரசக்கா நினைத்த இடத்தில் நின்று நினைத்த நேரத்தில் கூப்பிட வேண்டும். அவர்கள் திரும்பிப் பார்க்கலாம். கை மட்டும் அசையக் கூடாது.

“ஏனுங்க, இவ்வளவு பெரிய ஆளுங்களப் போயி கண்ணுங்கறதா?” என்று சரசக்கா தயங்கினார்.

“கூப்புடுங்கக்கா. ஊட்டுப் பசங்களுக்குச் சோறு போடற மாதிரி நெனச்சுக்குங்க” என்றது திவ்யா.

முதல் கூப்பாட்டில் நான்கு கைகளும் போயின. நோட்டுக்காரர் ஒன்றும் திட்டவில்லை. மறுபடி என்று விரலைச் சுற்றிக் காட்டினார். சரசக்கா கதவருகே, மெஷினுக்குப் பின்னால், அவர்கள் முதுகுக்கு இரண்டடியில் என்று மாறி மாறி நின்றார். போகப் போக அவருக்குக் குஷி வந்துவிட்டது. “சாப்டியா கண்ணு? ஏங்கண்ணு இப்படி மொறைக்கற? ஊட்டுல சண்டையா கண்ணு?” என்றார். லைனே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று பேர் தேறிவிட்டார்கள். மொட்டைத் தலை ஆள் ஒருவனுக்கு மட்டும் கை போய்க்கொண்டே இருந்தது. அவன் முகம் சிவந்து, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் மாதிரி நின்றான். சரசக்கா அவனருகே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, “கண்ணு” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கையை விட்டுவிட்டுச் சொன்னார். அதற்கப்புறம் போகவில்லை. அந்த ஆட்கள் சாப்பாட்டு நேரம் முடிகிற வரைக்கும் நின்றார்கள். நோட்டுக்காரரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

அதிபர் வருகிற அன்று காலை, அவர் கார் வர இருபது நிமிடம் இருக்கும்போது, அவர் பார்க்கப்போகிற லைனிலேயே ஒரு டெய்லர் கையைத் தூக்கினார். ஓவர்லாக் ஊசி. இரண்டு துண்டு கிடைத்தது. புது ஊசியை வைத்துப் பார்த்தேன். நுனி இல்லை. காந்தத்தைப் போட்டேன், இல்லை. அந்தப் பண்டலை எடுத்துக்கொண்டு போய் மெஷினில் விட்டால் அரை மணி நேரம் லைன் நிற்கும். பண்டலைக் கையில் எடுத்தேன். மேனேஜர் வந்து தண்ணீர் கேட்டார்.

குடித்துவிட்டு, “அண்ணா, அவர் வர்றப்ப லைன் நின்னுட்டிருந்தா நல்லாருக்குங்களா? அவர் போனதும் பண்டல எடுத்து வெட்டியே போட்றலாம். ஒரே ஒரு நாளைக்கு” என்றார். நியாயம்போலத்தான் இருந்தது. நான் “செரிங்க” என்றேன். பண்டலைத் திருப்பி டெய்லரிடம் வைத்தேன். இரண்டு துண்டையும் நோட்டில் ஒட்டி, நுனி வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, எதிரே ‘முழுசாகக் கிடைத்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு வரிதான் பொய்.

அதிபர் வந்தார். நல்ல வயசாளி, கைத்தடியோடு மெதுவாக நடந்தார். காவலாட்கள் அவர் நிழல் மாதிரி நகர்ந்தார்கள். பேக்கிங் ரூமைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். லைனில் தைப்பதைப் பார்த்தார். அங்கேயே தைத்து முடித்த ஒரு சட்டையைச் செக்கிங் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சரசக்கா புதுச் சேலையில் நின்று அதை வாங்கி அவரிடம் நீட்டினார். அதிபர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத் தூக்கினார். சரசக்காவின் கை இன்னும் மறுமுனையை விடவில்லை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் அக்காவின் கட்டைவிரல் தானாகத் தையல் மேல் ஓடும். ஓடிய விரலில் குத்தியது.

“கண்ணு, உடு! உடு கண்ணு!” என்று கத்தியபடி அக்கா அதிபரின் கையைத் தட்டிவிட்டுச் சட்டையைப் பிடுங்கினார்.

நான் கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நோட்டுக்காரர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அதிபருக்கும் சரசக்காவுக்கும் நடுவில் நின்றார். முகம் அக்காவைப் பார்த்து இருந்தது. ஒரு கை முதுகுக்குப் பின்னால் விரிந்து தன் ஆட்களுக்குத் தெரிந்தது. “கண்ணு” என்று ஒரே ஒரு முறை, சத்தம் உயர்த்தாமல் சொன்னார். நெட்டையர்கள் அதிபரைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுவிட்டார்கள். யாருடைய கையும் கோட்டுக்குள் போகவில்லை. மொட்டைத் தலையனைத்தான் நான் பார்த்தேன். அவன் கை தொடையைப் பிடித்தபடி அங்கேயே இருந்தது.

சரசக்கா கட்டைவிரலைக் காட்டினார். ஒரு பொட்டு ரத்தம். நோட்டுக்காரர் சட்டையை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதிபருக்கு வேறு சட்டை கொடுத்தார்கள். அவர் சிரித்தபடி சரசக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஆபீஸ் ரூமுக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

அவர் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் நோட்டுக்காரர் திவ்யாவோடு என் கூண்டுக்கு வந்தார். சட்டையை மேசையில் விரித்துத் தோள் தையலைப் பிரித்தார். நுனி மினுங்கியது. ஊசி நோட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நுனிக்கு விட்ட காலி இடத்தில் விரலை வைத்து, எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். திவ்யா வாசித்தது. வாசிக்கும்போதே அதன் குரல் இறங்கிவிட்டது.

அவர் முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். “முடிவு செய்தது யார்?”

மேனேஜரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையெழுத்து என்னுடையது. “நானுங்க” என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். அவர் அந்த நுனியை எடுத்துக் காலி இடத்தில் வைத்தார். பொருந்தியது. நான் டேப்பைக் கிழித்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். பிறகு தன் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். தினமும் தோட்டாக்களை எண்ணித் திருப்பி வைக்கிற கணக்கு. ஒவ்வொரு வரியிலும் இரண்டு கையெழுத்து. “ஒருவர் எண்ணுவார். அவர் எண்ணவே இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொருவர் எண்ணுவார். எனக்கு மேலே இருப்பவர் சொன்னாலும் ஒற்றைக் கையெழுத்து செல்லாது. தனி ஆளிடம் யாரும் எதையும் கேட்டு வாங்கிவிடலாம்” என்றார். என் பொய் வரியை ஒரே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அதன் கீழே உண்மையை எழுத வைத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். நூல் தண்ணீரில் மிதப்பது போன்ற எழுத்து.

கார்கள் கிளம்பும்போது மொட்டைத் தலையன் மட்டும் கண்ணாடியை இறக்கி, வாசலில் நின்ற சரசக்காவைப் பார்த்து, “கண்ணு” என்றான். “போயிட்டு வா கண்ணு” என்றார் அக்கா.

அன்று மாலையே மேனேஜர் தண்ணீர் கேட்காமல் கூண்டுக்கு வந்தார். இனிமேல் எந்த ஊசி உடைந்தாலும் நோட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று செக்கிங்கில் இருப்பவருடையது என்று சொன்னேன். நான் அவரிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான். தட்டாமல் ஒப்புக்கொண்டார். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஊசி விஷயம் வெளியே போகக் கூடாதென்று, சரசக்கா சந்தோஷத்தில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு எல்லாம் தெரியும். என்னிடம் வந்து விரலைக் காட்டி, “உங்க நோட்டுல ஒட்டியாச்சா? அப்பச் செரி. வெளிய சொன்னா உங்க வேலை போயிருமுங்க” என்றார். அதற்குப் பிறகு எட்டு வருடம் பிள்ளைகள் நீட்டிய விரலுக்கெல்லாம் நெஞ்சைப் பிடித்துக் காட்டினார். நான் கூண்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்ததும் இதை வீரபாண்டியில் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில்தான் சண்டைக்கு வந்தார்.

“நான் ‘உடுங்க’ன்னுதான் சொன்னேன். அவ்வளவு பெரிய மனுசனப் போயி ‘உடு’ம்பேனா?”

“நீங்க ‘உடு’ன்னுதானுங்கக்கா சொன்னீங்க. என்ற காதுல விழுந்துச்சு.”

“அவசரத்துல மரியாதை எங்கீங்க வருது? இருக்கட்டும், அப்படியே உடுங்க” என்று பேனாவை வாங்கினார்.

சொன்னது எல்லாம் முழுசாகக் கிடைத்தது.

கையெழுத்து ஒன்று: ரங்கசாமி, ஊசிக் கூண்டு
கையெழுத்து இரண்டு: சரஸ்வதி, செக்கிங்

தேதி: ஐப்பசி 18, ஞாயிற்றுக்கிழமை